இடப்பக்கம் மட்டும் திரும்புகிற பேட்ரிசியா

பேட்ரிசியா எனக்குத் தங்கை மகள். கூடப் பிறந்த தங்கை இல்லை, சின்னம்மாவின் மகள் பெற்ற பிள்ளை. எங்கள் வகையறாவில் அதையெல்லாம் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலை. புருஷன் ஆசீர், பைக் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கம்பெனிக்காக ஊர் ஊராகக் கடைகளுக்கு லைன் போகிறவர். மணப்பாறை லைன் போகிற அன்றைக்கு வீட்டுக்கு முறுக்கு வரும்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டும். தாத்தா ஞானப்பிரகாசம் ஒருமுறை குதிரை வண்டியில் போகும்போது வண்டி வலப்பக்கம் திரும்பிய வேகத்தில் கீழே விழுந்து, முட்டி பெயர்ந்து, ஒரு தவக்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்தவர். அவருடைய மகன் அமிர்தசாமி, அதாவது பேட்ரிசியாவின் தகப்பனார், சைக்கிள்காரர். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பாலக்கரை ரவுண்டானாவைப் பார்த்தாலே அவருக்கு வியர்க்கும். வீட்டிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போகிற ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த வழியில் வந்த கீரை வீட்டுக்கு வருவதற்குள் பாதி வெந்திருக்கும் என்று என் தங்கை சொல்லுவாள்.

அந்தப் பயம் மகளுக்கும் அப்படியே வந்துவிட்டது. ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கப் போனாள். மைதானத்தில் எட்டு போட வேண்டும் அல்லவா, முதல் வட்டத்தை அச்சு வார்த்த மாதிரி போட்டாள். இரண்டாவது வட்டத்துக்கு வண்டி வலப்பக்கம் சாய்ந்ததும் கால் தரைக்கு வந்துவிட்டது. மறுபடி போனாள், மறுபடியும் அப்படியே. அந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். பாதி எட்டு போட்டால் பாதி லைசென்ஸ் கொடுக்கச் சட்டம் இல்லையே என்று வருத்தப்பட்டாராம். அதோடு ஸ்கூட்டரை விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் போகத் தொடங்கினாள்.

இப்படிப்பட்டவள் கார் பந்தயத்துக்கு எப்படி வந்தாள் என்றால், தம்பி ரெஜிஸால் வந்தாள். ரெஜிஸ் மஸ்கட்டில் இருக்கிறான். போன லீவுக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஒரு ஸ்டியரிங்கும் பெடலும் கொண்டு வந்தான். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே நிஜப் பந்தயக் கார் போல ஓட்டுகிற சிமுலேட்டர் விளையாட்டு அது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஒரே பந்தயத்தில் ஓடலாம். ஸ்டியரிங்கை மாட்டத் தோதாக வீட்டில் இருந்தது என் தங்கையின் தையல் மிஷின் மேஜை ஒன்றுதான். மிஷினை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அதில் மாட்டினான். கீழே கால் மிதியை அசையாமல் கயிற்றால் கட்டி, அதன் மேல் பெடலை வைத்தான்.

முதலில் அக்காவுக்கு அவன் போட்டுக் காட்டியது வளைந்து வளைந்து போகிற பாதை. முதல் வலது திருப்பத்திலேயே அவள் கார் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. திரும்பத் திரும்ப அதே சுவர். வெறுத்துப்போய் ரெஜிஸ் ஓவல் என்று ஒன்றைப் போட்டான். ஓவல் என்றால் முட்டை வடிவில் ஒரு வட்டப் பாதை. கார்கள் இடப்பக்கமாகவே திரும்பிச் சுற்றிச் சுற்றி வரும். வலப்பக்கம் திரும்புகிற வேலையே கிடையாது.

"வலது பக்கமே இல்லையா?" என்று கேட்டாள் பேட்ரிசியா.

"இல்லக்கா. கடைசி வரைக்கும் இடதுதான்."

"இதை ஏண்டா இத்தனை நேரம் சொல்லல?"

அன்றைக்கு அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்து, ஆசீர் ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார்.

ஓவலில் அவளுக்கு ஒரு கைவாகு இருந்தது. முன்னால் போகிற காரின் முதுகோடு ஒட்டிப் போனால் காற்று எதிர்க்காது, வண்டி தானாக வேகம் எடுக்கும் என்பது அங்கே பெரிய வித்தை. அமிர்தசாமி லாரிக்குப் பின்னால் ஒட்டிச் சைக்கிள் விட்ட மனுஷர். கேரியரில் உட்கார்ந்து போன பிள்ளைக்கு அதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரெஜிஸ் லீவு முடிந்து போகும்போது ஸ்டியரிங்கை அவளிடமே விட்டுவிட்டு, மஸ்கட்டில் தனக்கு வேறு வாங்கிக்கொண்டான். அவனே அவளைக் காவிரி லீக்கில் சேர்த்தும் விட்டான். துவாக்குடியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற அனிஷா என்ற பெண் நடத்துகிற லீக் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பந்தயம். ஒரு வாரம் வளைவுப் பாதை, ஒரு வாரம் ஓவல். வளைவுப் பாதை வாரத்தில் பேட்ரிசியா துணி துவைப்பாள். ஓவல் வாரத்தில் முதல் மூன்றுக்குள் வருவாள். ஐம்பதைத் தொடப் போகிற வயதில் ஒரு காரியத்தில் கெட்டிக்காரி என்று அவளுக்குப் பெயர் வந்தது இதில்தான். ஆபீசில்கூட இரண்டு பேருக்குத் தெரியும்.

போன தவக்காலத்தில் இந்தக் கதை தொடங்கியது. ஈஸ்டர் வரைக்கும் அந்த நாற்பது நாளும் நாங்கள் எல்லோரும் அசைவத்தை விடுவோம். பேட்ரிசியா அசைவத்தோடு சேர்த்து ஸ்டியரிங்கையும் விடுவதாக நேர்ந்துகொண்டாள். தவக்காலத்து முதல் நாள் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்து போனைப் பார்க்கிறாள், அந்தச் சிமுலேட்டர் கம்பெனியிலிருந்து அறிவிப்பு. ஈஸ்டர் கழித்து மூன்று புது ஓவல்கள் வருகின்றன, இரண்டு புதுக் கார்கள் வருகின்றன.

ஆண்டவர் சோதிக்கிறார் என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தப் படங்களைப் பார்த்த பார்வையை நான் கண்ணால் கண்டேன். ஒரு ஓவல் சின்னது, வடைச்சட்டி மாதிரி ஓரமெல்லாம் மேலே தூக்கியிருக்கும். இன்னொன்று பெரியது, நடுவில் குளமே இருக்கும். மூன்றாவது வெறும் மண் தரை. கார்களில் ஒன்றை முழுசாகக் காட்டினார்கள். மற்றதைத் துணி போட்டு மூடியே காட்டினார்கள். அந்த மூடிய காரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முன்பக்கம் எப்படி இருக்கும், பின்னால் இறக்கை உண்டா என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். என்னிடமும் கேட்டாள். எனக்கு அது முக்காடு போட்ட மாட்டு வண்டி மாதிரி இருந்தது, சொல்லவில்லை. ஆசீர்தான் சும்மா இருக்காமல், பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைக்கூட நீ இவ்வளவு நேரம் பார்க்கவில்லையே என்றார். அன்றைக்கு நீங்கள் துணியை எடுத்துவிட்டுத்தானே உட்கார்ந்திருந்தீர்கள் என்றாள் அவள்.

தவக்காலம் பாதி நடக்கும்போது அனிஷாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஓவல் வாரத்தில் ஆள் குறைந்துகொண்டே போகிறது, எல்லோரும் வளைவுப் பாதையைத்தான் கேட்கிறார்கள். புது ஓவல் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பத்துக் கார் நின்றால் ஓவல் தொடரும். ஒன்று குறைந்தாலும் இனி லீக்கில் ஓவல் கிடையாது. பேட்ரிசியா ஆன்ட்டி மன்னிக்கணும், எனக்கும் வேற வழி தெரியல என்று முடித்திருந்தாள். நல்ல பெண்தான்.

பெயர் கொடுத்தவர்களை எண்ணிப் பார்த்தால் ரெஜிஸையும் சேர்த்து ஒன்பது பேர். ஒரு ஆள் வேண்டும். ஆசீரைக் கேட்டாள். நாள் முழுக்க நிஜ வண்டி ஓட்டி முதுகு போச்சு, வீட்டிலும் ஓட்டினால் இடுப்பும் போய்விடும் என்று அவர் ஒதுங்கிவிட்டார். அதுவுமல்லாமல் வேறு ஸ்டியரிங்குக்கு எங்கே போவது?

ஆள் ஆபீசிலேயே இருந்தார். கணக்குப் பார்க்கிற அழகியமணவாளன் சார், ஸ்ரீரங்கத்துக்காரர், சித்திரை வீதியில் சொந்த வீடு. மருமகன் பெங்களூரில் சின்ன வீட்டுக்கு மாறியபோது தன் ஸ்டியரிங்கையும் கம்ப்யூட்டரையும் கொண்டு வந்து மாமனார் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஹாலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று அவர் என்றைக்கோ சலித்துக்கொண்டது பேட்ரிசியாவுக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்து ஆபீசில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியான டப்பா திறக்கும் நேரத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு வண்டி ஓட்டுவதில் கொஞ்சம் பெருமை உண்டு. முப்பது வருஷமாகக் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பார். உடனே சரி என்றுவிட்டார். மருமகனிடம் போனில் கேட்டு மாட்டி, லீக்கில் பெயரும் கொடுத்தாயிற்று. பழைய ஓவலில் பழகிக்கொள்ளச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அனிஷா கூப்பிட்டாள். ஆன்ட்டி, உங்க சார் ஏன் எல்லாருக்கும் எதிர்ல வந்து இடிக்கிறார் என்று கேட்டாள். கார் வெளியே வந்ததும் நிறுத்தி, ஒழுங்காகப் பின்னால் பார்த்து, திருப்பிக்கொண்டு, வலப்பக்கமாகச் சுற்றுகிறாராம். தப்பான வழி என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தும் நிற்கவில்லையாம்.

பேட்ரிசியா ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். மணவாளன் சார் டப்பாவை மூடி வைத்துவிட்டு, சங்கடத்தோடு சொன்னார்.

"நான் தெனம் கார்த்தால சித்திரை வீதில கோயிலச் சுத்தறவன்மா. நடுவுல இருக்கறது வலது கைப்பக்கம் இருக்கணும். எங்கப்பா கையப் பிடிச்சிண்டு நடந்த நாள்லேர்ந்து அப்படித்தான். இடப்பக்கமாச் சுத்தறது எதுக்குன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், என் வாயால சொல்ல வேண்டாம்."

சாவு வீட்டுச் சடங்கில் அப்படிச் சுற்றுவார்கள் என்பது இவளுக்கும் தெரியும். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒருத்தர் மனசுக்கு ஒவ்வாததை வற்புறுத்துகிற பிள்ளை இல்லை இவள். சரிங்க சார், பரவாயில்ல என்று தன் மேஜைக்கு வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்தவள் அந்தப் புது ஓவல்களின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேறு ஆளுக்கு இவளும் தெரிந்த இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று, கிடைக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று ஆசீர் எனக்கு போன் போட்டார். தவக்காலத்தில் இறங்காவிட்டால் புண்ணியம்தான் என்று நான் சொல்லி வைத்தேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே எழுந்து மணவாளன் சார் மேஜைக்குப் போனாள். பெரிய ஓவலை ஆகாயத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைப் போனில் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"நடுவுல என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க சார்."

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கார் நிறுத்துகிற இடம். ஒரு குளம். தகரக் கொட்டகை போட்ட சாப்பாட்டுக் கடைகள்.

"கோயில் ஏதும் இல்லியே?"

"இல்லைங்க சார்."

"சின்னதாக்கூட? ஓரமா?"

"ஒரு பிள்ளையார்கூட இல்லைங்க சார். நல்லா தேடிப் பாத்துட்டேன்."

அவர் மற்ற இரண்டு ஓவல்களையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். மண் தரை ஓவலின் நடுவில் ஒரு மரம் இருந்தது. அது அரசமரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அப்ப அது பிரதட்சிணமே இல்ல. வெறும் சுத்தல். இதுல தோஷம் என்ன இருக்கு? மனசு கேக்கலேன்னா அப்புறமா நான் பாத்துக்கறேன்."

அப்புறமாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

ஈஸ்டர் வந்தது, பிரியாணி வந்தது. அந்த வாரமே ஒரு காலையில் புது ஓவல்களும் கார்களும் வந்து இறங்கின. துணியை எடுத்துவிட்டார்கள். காருக்குப் பின்னால் இறக்கை இல்லை. இருக்காது என்று நான் சொன்னேனா இல்லையா என்று ஆசீர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அவர் அப்படி ஒன்றும் சொல்லவே இல்லை. நாற்பது நாள் கையைக் கட்டிப்போட்டிருந்த பேட்ரிசியா அந்த வடைச்சட்டி ஓவலில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. ஓரத்துச் சரிவு அவளைத் தானாக இடப்பக்கம் திருப்பி விடுகிறதாம், தொட்டிலில் போட்ட மாதிரி இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பந்தயம், அந்த வடைச்சட்டியில்தான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். திரையில் கார்கள் வரிசைக்கு வருகின்றன. ஒன்பது வந்துவிட்டது. மணவாளன் சார் பெயர் இருக்கிறது, கார் இல்லை. ஆறு தாண்டியது. ஆரம்பிக்கலாமே என்று கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் முனகினான். பேட்ரிசியா ஸ்டியரிங்கை விட்டு, ஜெபமாலையைத் தேடப் போனாள்.

அப்போது ஸ்பீக்கரில் மணவாளன் சார் மனைவியின் குரல் கேட்டது. சித்திரைத் திருநாள் நடக்கிறது, பெருமாள் வாகனத்தில் வீதி வலமா ஏளிண்டிருக்கார், மாமா வாசலில் சேவிச்சுண்டிருக்கார், பெருமாள் வீட்டைத் தாண்டினதும் வந்துடுவார் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளும் சேவிக்கப் போய்விட்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று அனிஷா கேட்டாள். அதற்கு ரெஜிஸ் மஸ்கட்டிலிருந்து பதில் சொன்னான்.

"அது பெருமாளோட ஸ்பீடு. நாம அவசரப்படுத்த முடியாது."

ஸ்பீக்கர் வழியாகத் தூரத்தில் நாதஸ்வரம் வந்தது. கோயம்புத்தூர், மஸ்கட், துவாக்குடி, மேலப்புதூர் என்று ஒன்பது கார் என்ஜினை உறுமவிட்டபடி ஸ்ரீரங்கத்துப் புறப்பாட்டுக்குக் காத்திருந்தது. சத்தம் தேய்ந்ததும் பத்தாவது கார் வரிசையில் வந்து நின்றது. நெற்றியில் திருமண் இன்னும் காயவில்லை என்றார் மணவாளன் சார்.

நாற்பது சுற்று. சார் கடைசியில் பத்திரமாக வந்துகொண்டிருந்தார். முந்துகிறவர்களுக்கெல்லாம் வழி விட்டார். பேட்ரிசியா கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பாதிக்கு மேல் இரண்டாம் இடத்துக்கு வந்து, முன்னால் போன கோயம்புத்தூர்க்காரன் முதுகில் ஒட்டிக்கொண்டாள். இரண்டு சுற்று இருக்கும்போது அவனையும் தாண்டி முன்னால் வந்தாள். தையல் மேஜை கடகடவென்று ஆடியது. கடைசிச் சுற்றில் திருப்பத்துக்குள் நுழைகிறாள், எதிரே ஒரு கார் முகத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது.

மணவாளன் சாருடைய கார். யாரோ லேசாக உரசியதில் அது சுழன்று திரும்பி நின்றிருக்கிறது. பதற்றத்தில் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. நடுவில் உள்ளதை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, நிதானமாகக் கீழ் ஓரத்தில் பிரதட்சிணமாக வந்துகொண்டிருந்தார்.

இடப்பக்கம் புல். நேரே சார். வலப்பக்கம் மட்டும் வழி இருந்தது. பேட்ரிசியா வலப்பக்கம் ஒடித்தாள். ஞானப்பிரகாசம் விழுந்த பக்கம், அமிர்தசாமி இறங்கித் தள்ளிய பக்கம். கார் சரிவில் ஏறி, சுவரை முடியளவுக்கு விட்டுவிட்டு, சாரைத் தாண்டி நேரானது. அவள் கால் என்னவோ பெடலை விட்டுத் தரையில் ஊன்றியிருந்தது, நான் பார்த்தேன். அதற்குள் மூன்று கார் தாண்டிப் போய்விட்டது. நான்காவதாக வந்தாள்.

ஸ்பீக்கரில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதல் இடத்தைக் கெடுத்துட்டேனேம்மா என்று மணவாளன் சார் திரும்பத் திரும்பச் சொன்னார். பேட்ரிசியா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அனிஷா, பத்துக் கார் நின்னுதா இல்லையா?"

"நின்னுது ஆன்ட்டி. ஓவல் இருக்கு. ஆனா ஒவ்வொரு ஓவல் வாரமும் பத்து வேணும், சொல்லிட்டேன்."

எல்லோரும் யாரைப் பற்றி நினைத்தார்கள் என்று மணவாளன் சாருக்கும் தெரியும். பேட்ரிசியா மெதுவாகக் கேட்டாள், அடுத்த ஓவலுக்கு வருவீங்களா சார் என்று.

"இன்னிக்குச் சுத்தின நாப்பதையும் நான் சித்திரை வீதில வலப்பக்கமாச் சுத்திக் கழிக்கணும்மா. அதுதான் அப்புறமாப் பாத்துக்கறேன்னேன். ஒரே நாள்ல முடியுமா, காலு விட்டுப்போயிடும்."

"அப்ப வரமாட்டீங்களா சார்?"

"யார் சொன்னா? அடுத்ததையும் சேத்துச் சுத்திக்கறேன்."

அதற்கப்புறம் ஓவல் ஒன்றும் நிற்கவில்லை. பேட்ரிசியா எட்டு போடப் போனாளா என்று கேட்பீர்கள். போனாள், கால் ஊன்றினாள், திரும்பி வந்தாள். இப்போது அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறாள். இன்னும் ஒரு ஓவல் வரப்போகிறதாம், அதன் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் மணவாளன் சார் தினமும் விசாரிக்கிறாராம். காலையிலும் சாயங்காலமும் அவர் சித்திரை வீதியை வேகவேகமாகச் சுற்றுகிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று அவர் மனைவிக்கு ஒரே சந்தோஷம். எந்த டாக்டர் சொன்னார் என்று எதிரே வருகிறவர்கள் கேட்டால், மேலப்புதூர் டாக்டர் என்று சொல்லிவிட்டு நிற்காமல் போகிறார்.